இருப்புப் பதிவேடு

ஓய்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது
தணிக்கைக்காரர் வந்து கேட்டார்:
பந்து நூற்றுப் பன்னிரண்டு வாங்கியிருக்கிறீர்கள்,
கழித்தது எண்பத்தேழு, கையிருப்பு பதினான்கு.
மீதிப் பதினொன்று எங்கே, சூசைநாதன்?

ஒன்று கல்குவாரிக் குட்டையில் மிதக்கிறது.
இரண்டு, மாங்கூழ் ஆலைச் சுவருக்கு அந்தப்பக்கம்.
சீசன் முடிந்து வா என்றார் காவலாளி;
சீசன் முடிந்தபோது காவலாளி மாறியிருந்தார்.
மற்றவை பையன்கள் வீட்டில் இருக்கலாம்.
நான் தேடிப் போகவில்லை.
பந்தைத் திருடுகிறவன் ராத்திரியும் ஆடுவான்
என்று எனக்கொரு கணக்கு.
அதை எழுதப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

கிருஷ்ணகிரியில் எங்கே தோண்டினாலும் பாறை.
எங்கள் பாலிடெக்னிக் மைதானத்தில் தோண்டவே வேண்டாம்,
வடக்குக் கோலுக்குப் பத்தடி முன்னால்
அதுவே தலை நீட்டிக்கொண்டிருந்தது.
எடுக்கச் சொல்லி மூன்று முதல்வர்களுக்கு எழுதினேன்.
பிறகு அதையும் அணியில் சேர்த்துக்கொண்டேன்.
வெளியூர்க்காரன் தடுக்கி விழுவான்;
நம் ஆள் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிப் போவான்.

தளிக்காரன் 'இல்லி' என்று கத்துவான்,
வேப்பனப்பள்ளிக்காரன் 'இக்கட',
பழையபேட்டை இம்தியாஸ் கோலில் நின்று 'இதர்',
போச்சம்பள்ளிப் பையன் 'டேய் இங்கடா'.
பந்துக்கு எல்லாம் புரிந்தது.
எதிரணிதான் பாவம்,
யார் யாரைக் கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்ப்பதற்குள்
வலை ஆடும்.

டிப்ளமோ மூன்று வருடம்தான்.
முதல் வருடம் ஷூ கடிக்கிறது என்பான்.
இரண்டாம் வருடம்
இடதும் ஒரு கால்தான் என்று ஒப்புக்கொள்வான்.
மூன்றாம் வருடம்,
ஆட்டம் அவன் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிற மாதத்தில்,
ஓசூர் கம்பெனி பஸ் வந்து வாசலில் நிற்கும்.
இருபத்தெட்டு வருடம்
நான் செய்தது ஒரே ஓர் அணி.
திரும்பத் திரும்பச் செய்தேன்.

கோப்பை பதினேழு. பீரோ இரண்டு.
இருப்புச் சரி என்று டிக் போட்டார்.
இது ரொம்ப உயரமா இருக்கே சார், என்றார்.

இரண்டாயிரத்து ஒன்பது, மண்டல இறுதி, சேலம்.
சனிக்கிழமை ஆட்டம்.
வியாழக்கிழமை ஆபீஸ் கிளார்க்
கெம்பராஜ் பேருக்கு வந்த ஒரு கவரை என்னிடம் தந்தார்,
உங்க பையன்தானே, குடுத்துடுங்க.
ஓசூர் கம்பெனி இன்டர்வியூ. சனிக்கிழமை, காலை பத்து மணி.
விசில் வைக்கிற பையில் வைத்தேன்.
வெள்ளி மாலை பயிற்சியில் இரண்டு முறை
அந்தப் பையைத் திறந்தேன். இரண்டு முறையும்
விசிலைத்தான் எடுத்தேன்.

அவன் இரண்டு கோல் போட்டான்.
இரண்டாவது இடது காலில்.
திங்கட்கிழமை கவரைக் கொடுத்து
தபால் லேட்டுப்பா என்றேன்.
முத்திரையில் தேதி தெளிவாக இருந்தது.
அவன் பார்த்தானோ என்னவோ.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
பரவால்ல சார், கப்பு வந்துச்சே என்றான்.

இப்போது கிரானைட் லாரி ஓட்டுகிறான்.
பர்கூர் பக்கமிருந்து பாரம் ஏற்றிக்கொண்டு
தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு
மைதானத்தை ஒட்டிய பைபாஸில் வருவான்.
இரண்டு தடவை ஹாரன் அடிப்பான்.
நான் கையை உயர்த்துவேன்.
யார் சார் அது என்பார்கள் பையன்கள்.
பழைய ஃபார்வர்டு என்பேன்.
இரண்டு தடவை. ஒருநாளும் ஒன்று இல்லை, மூன்று இல்லை.

பதினொரு பந்துக்கும் பணம் கட்டிவிடுகிறேன் என்றேன்.
தேய்மானம் போகத் தொகை போட்டு ரசீது எழுதினார்.
வேறு பாக்கி ஏதும் உண்டா என்ற இடத்தில்
விரலை வைத்துக் காட்டினார்.

இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
ஐந்தாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.
தூசி வருது,
அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க என்றேன்.